மாவட்டம் லைனில் இருக்கிறார்

சுபிக்‌ஷா சிரிக்கப்போகிறாள், அது நிச்சயம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் உருண்டு புரண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கப்போகிறாள், ஆனால் இப்போது இல்லை, இப்போது தொண்டையில் 'க்' என்று ஒரு சத்தம் கிளம்பினால்கூடக் கீழே வாசலில் இருக்கிற ஒரு நாயும் ஒரு பெண்ணும் தப்பிக்க முடியாது. அதனால் சிரிப்பைக் கடைவாய்க்குள் புளியங்கொட்டை மாதிரி ஒதுக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் டேங்க் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, மூக்கை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தபடி, கட்சி ஆபீஸ் மேடம் குரலில், "லைன்லயே இருங்க லோகநாதன், அண்ணன் சாவு வீட்டுல மாலை போட்டுட்டு இருக்காரு, போட்டுட்டு வந்துருவாரு" என்றாள். "இருக்கனுங்க மேடம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கனுங்க" என்று அந்த முனையிலிருந்து பதில் வந்தது. அந்த முனை இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் வேடிக்கை. சந்து முனை டீக்கடையைத் தாண்டி ஏழெட்டு அடி வந்திருந்தவன், மூன்று மணிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், நடுரோட்டில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, குனிந்த கழுத்தோடு நிற்கிறான். கட்சியின் மாவட்டச் செயலாளரை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மாவட்டம் என்றால் அவர்தான், மாவட்டம் வர்றாரு, மாவட்டம் சாப்பிடறாரு, மாவட்டத்துக்குச் சளி பிடிச்சிருக்குது. மாவட்டம் லைனில் வரப்போகிறார் என்றால் லோகநாதன் போன்றவர்களுக்குக் கால் செருப்பு தானாகக் கழன்றுவிடும் என்பது சுபிக்‌ஷாவுக்குத் தெரியும், அதை வைத்தே ஒரு முழு மிமிக்ரி ஐட்டம் செய்து ஸ்கூல் ஆண்டு விழாவில் கைதட்டல் வாங்கியவள் அவள். தார் ரோடு சுடும். நன்றாகச் சுடட்டும். கீழே ஹாக்ஸா பிளேடு கிர்ர் கிர்ர் என்று இரும்பை அறுத்துக்கொண்டிருக்கிறது, அறுபடவில்லை, இன்னும் அறுபடவில்லை.

போன் செய்வது திட்டத்திலேயே கிடையாது. இரண்டரை மணிக்குத் தாராபுரத்திலிருந்து ராசாமணி அக்கா வருவாள், தேங்காய் லோடு அடிக்கிற குட்டியானை வண்டியை அவளேதான் ஓட்டி வருவாள், லோகநாதனுக்குக் கட்டிக்கொடுத்த தங்கச்சி கிருஷ்ணவேணியையும் இரண்டு பையையும் நாயையும் ஏற்றிக்கொண்டு பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவாள், மூன்று மணிக்கு லோகநாதன் வந்தால் காலி வீடு, அவ்வளவுதான். வண்டி சரியாக வந்து காம்பவுண்டுக்குள் நின்றது, பையும் தயார், வேணி அக்கா சங்கிலியை அவிழ்க்கப் போனாள், பார்த்தால் நாய் பன்னுவின் கழுத்துச் சங்கிலிக்கும் தூணுக்கும் நடுவில் புதுசாக ஒரு பூட்டு. நேற்று வரைக்கும் இல்லாத பூட்டு. சாவி அவன் அரைஞாண் கயிற்றில். வேணி அக்கா அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், "நீ போக்கா, நான் வரல" என்றாள், அழக்கூட இல்லை, கடையில் சர்க்கரை தீர்ந்துபோச்சு என்று சொல்வது மாதிரி சொன்னாள். ராசாமணி அக்கா வண்டி சீட்டுக்கடியில் கையை விட்டு ஒரு ஹாக்ஸா பிளேடை எடுத்து, துணியைச் சுற்றிக்கொண்டு குந்திவிட்டாள். அப்போது மணி இரண்டு ஐம்பது. சுபிக்‌ஷாவின் வாய்தான் முந்திக்கொண்டது, எப்போதும் அதுதான் முந்தும், "அக்கா, உங்க போனைக் குடுங்க, உங்க நம்பர் அந்தாளுகிட்ட இல்லையில்ல?" என்று கேட்டாள். "புது சிம்மு. இல்ல. எதுக்குக் கண்ணு?" "சும்மா, ஒரு கட்சிப் பணி." படியேறும்போது முதுகு விறுவிறு என்றிருந்தது, விளையாட்டு தொடங்கும்போது வருகிற அதே விறுவிறுப்பு, அதற்காக வெட்கப்பட வேண்டுமா என்றுகூடத் தோன்றியது, நேரமில்லை. பிளஸ் டூ ஸ்டடி லீவு, இந்நேரம் தொடைமேல் கெமிஸ்ட்ரி இருந்திருக்க வேண்டும்.

குரல்கள் அவளுக்கு எங்கிருந்து வருகின்றன என்று அம்மா அடிக்கடி கேட்பாள், உனக்குள்ள யாருடி குடியிருக்கறா என்பாள். காதிலிருந்துதான் வருகின்றன. ஒரு ஆள் எந்த எழுத்தில் மூச்சு வாங்குகிறான் என்று கேட்டுவிட்டால் போதும், மீதி தானாக வந்துவிடும், ரேஷன் கடைக்காரர் 'பச்சரிசி'யின் நடுவில் மூச்சு வாங்குவார், தண்ணி வண்டிக்காரர் கடைசியில் வாங்குவார், மாவட்டம் எங்குமே வாங்க மாட்டார், அவ்வளவு பெரிய உடம்புக்கு ஊதல் மாதிரி ஒரு கீச்சுக் குரல், பொதுக்கூட்டத்தில் மைக்கில் கேட்டால் பின்வரிசைக்காரர்கள் துண்டால் வாயை மூடிக்கொள்வார்கள், முன்வரிசையில் யாருக்கும் அந்தத் தைரியம் கிடையாது. அந்தக் குரல் அவள் தொண்டைக்கென்றே தைத்த சட்டை மாதிரி. போன வருஷப் பொங்கலுக்குக் காம்பவுண்டில் எல்லா வீட்டுக்காரர்களும் பாயை விரித்து உட்கார்ந்திருக்க, பத்துக் குரல் செய்தாள், பத்துக்கும் சிரிப்பு, பதினொன்றாவதாக லோகண்ணன் நாயைக் கூப்பிடுகிற குரலைச் செய்தாள், "பன்னு... தங்கம்... இங்க வா சாமி, ஒண்ணும் பண்ணமாட்டன் வா" என்று தேன் ஒழுகக் கூப்பிட்டு, உடனே நாய் 'வீல்' என்பதையும் செய்தாள். காம்பவுண்டே விழுந்து விழுந்து சிரித்தது. லோகநாதனே சிரித்தான், "அடிக் கழுதை, என்னையேவா" என்று பத்து ரூபாய் கொடுத்தான். வேணி அக்கா மட்டும் கதவோரம் நின்று இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பை மறைக்கிற கை இல்லை. விரல்கள் விறைத்து, முழங்கை மேலே ஏறி, தலைமேல் எதுவோ விழப்போகிற மாதிரி. இரண்டு நொடிதான், பிறகு கையை இறக்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அந்த இரண்டு நொடி சுபிக்‌ஷாவுக்குள் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது, சோறு விழுங்கினாலும் போகவில்லை, தண்ணீர் குடித்தாலும் போகவில்லை. நாயைக் கூப்பிடுகிற குரலுக்கு அக்கா ஏன் தலையை மறைக்க வேண்டும்? அதற்குப் பிறகுதான் அவள் சுவரில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், முதலில் தேன் குரல், அடுத்தது நாய், அடுத்து டிவி சத்தம் ஏறும், அதற்கப்புறம் ஒரு பாத்திரம் விழும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. வரிசை மாறியதே இல்லை. நாய் கத்திய நாளுக்கு மறுநாள் அக்கா தண்ணீர்க் குழாயடிக்கு வரமாட்டாள், வந்தால் கைநீள ஜாக்கெட். அம்மாவிடம் சொன்னதற்கு அம்மா வெங்காயம் உரித்தபடி, "கோவத்த நாய்மேல காட்டிட்டுப் போறான், அதோட போகட்டும்னு விடு, பொண்டாட்டியவா அடிக்கறான்" என்றாள். அதோட போகவில்லை அம்மா. அதிலிருந்துதான் தொடங்குகிறது. இதைச் சொல்ல அவளிடம் எந்தக் குரலும் இல்லை, அத்தனை குரல் வைத்திருந்தும்.

"மேடம்... மேடம், இருக்கீங்களா? அங்க என்னமோ அறுக்கற சத்தம் கேக்குதுங்களே?" சுபிக்‌ஷாவின் இதயம் ஒரு படி தவறிக் கீழ்ப்படியில் விழுந்தது. "சாவு வீடுன்னு சொன்னனில்லீங்க, பந்தலுக்குப் பைப்பு அறுக்கறாங்க" என்று மூக்கு தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது, மூளை பின்னால் ஓடி வந்து சேர்ந்தது. "ஐயோ பாவம், யாருங்க எறந்தது?" "அது உங்களுக்கு எதுக்குங்க, உங்களப் பத்தித்தான் இப்பப் பேச்சு. வட்டச் செயலாளர் பதவிக்கு ரெண்டு பேரு பேரு மேல போயிருக்குது, ஒண்ணு உங்க பேரு." அங்கே வெயிலில் வேட்டிக்காரன் ஒரு கையை நெஞ்சில் வைப்பது தெரிந்தது. ஐயோ சிரிப்பு, வராதே, இரு, அங்கேயே இரு. "மேடம்... ஒரு சின்ன விசயமுங்க. சார்ஜ் அஞ்சு பர்சென்ட்டுதான் இருக்குது. வீடு பக்கத்துலதானுங்க, ரெண்டே நிமிசம், போயி மாட்டிட்டு..." என்று அவன் செருப்பில் கால் நுழைத்தான். நுழைத்தேவிட்டான். பிளேடு கிர்ர் கிர்ர். ஒரு அடி எடுத்து வைத்தான். சுபிக்‌ஷாவுக்கு அவன் நடக்கிற நடை மாடியில் இருந்து பார்க்க எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது, சோற்றுக்கு வருகிற எந்த மனுஷனும் இப்படித்தான் வருவான், தோளைக் குலுக்கிக்கொண்டு, ஒரு கல்லை எத்திக்கொண்டு. "நடந்தா சிக்னல் கட்டாயிருமுங்க!" என்று கத்தியேவிட்டாள், மூக்கை விட்டுவிட்டாள், நல்லவேளை பயத்தில் குரல் அதுவாகவே கீச்சிட்டது, "அண்ணன் லைனுக்கு வர்ற நேரத்துல கட்டாச்சுன்னா அடுத்த பேருக்குப் போட்டுருவாரு, அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது. பக்கத்துல கடகிட எதுவும் இல்லீங்களா?" அவன் நின்றான். திரும்பி டீக்கடைக்கு ஓடினான். "ஏப்பா ஆறுச்சாமி, சார்ஜர் இருந்தாக் குடு, சீக்கரம், மாவட்டம் லைன்ல!" என்று போனுக்குள்ளும் வெளியிலும் கேட்டது. அப்பாடா என்று டேங்கில் முதுகைச் சாய்த்தாள், சாய்ந்த பிறகுதான் உறைத்தது, அடிப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய். இது முட்டுச் சந்து. வெளியே போக ஒரே வழிதான், அந்த வழி டீக்கடை வாசல். ஒயர் ஒரு முழம்கூட இருக்காது. அவனை அவளே கொண்டுபோய் வாசலில் கட்டிப்போட்டுவிட்டாள்.

சரி, நேரத்தை ஓட்ட வேண்டும், கேள்வி கேள், கேள்வி கேட்டால் மனிதர்கள் நிற்பார்கள். கட்சிக்கு வந்து எத்தனை வருஷம் என்று கேட்டாள், பதினாலுங்க என்றான். எத்தனை போராட்டம், ஒன்பதுங்க. குடும்பத்துல சண்டை சச்சரவு ஏதாவது உண்டா, அண்ணன் அதெல்லாம் பாப்பாரு. "சண்டையா? சொர்க்கமுங்க மேடம். எங்கூட்டு அம்மிணி வாயத் தொறக்காது." தொறக்காது. சுபிக்‌ஷா போனை மறு காதுக்கு மாற்றினாள். வேறு ஏதாவது கேள், இதை விடு, ஆனால் நாக்கு, பல்வலி இருக்கிற பல்லையே தடவுகிற நாக்கு, "பிராணி எதும் வளக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டது. "ஒரு நாயிங்க. நாயின்னு சொல்லக்கூடாது, புள்ளையாட்டம். கோடைக்கு வாயில்லா ஜீவனுக்குத் தண்ணித் தொட்டி வெச்சமே, பேனர்ல எங்கூட நிக்குமே, பாத்திருப்பீங்க." பார்த்திருக்கிறாள். அந்தப் பேனரில் பன்னுவின் ஒரு காது மடங்கியிருக்கும், அது அழகுக்கு மடங்கிய காது இல்லை. பேசு, பேசு, அவன் காத்திருக்கிறான், அவளுக்குக் குரல் வரவில்லை, மூக்கைப் பிடித்தாலும் வரவில்லை, மார்கழியில் குழாயடியில் வேணி அக்கா குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது காதுக்குள் சுற்றுகிறது, "அதை அடிக்கறப்ப அதைப் பாக்க மாட்டாரு புள்ள. என்னையப் பாத்துக்கிட்டே அடிப்பாரு." அதற்கப்புறம் குடம் நிரம்பி வழிந்தது, இரண்டு பேரும் நிறுத்தவில்லை. முன்னால் ஒரு தடவை அக்கா தாராபுரம் போயிருக்கிறாள், மூன்றே நாள், அப்போது பன்னு இல்லை, வெள்ளைப் பூனை ஒன்று இருந்தது, மூன்றாம் நாள் அக்கா போனுக்கு ஒரு போட்டோ வந்தது, கிணற்றுமேட்டில் ஒரு சாக்குப்பை, வாய் கட்டியிருந்தது, கீழே 'எப்ப வர்றே' என்று மட்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தாள். பூனை இல்லை. கேட்டதற்கு எந்தப் பூனை என்றானாம். அதனால்தான் பன்னு இல்லாமல் வரமாட்டேன் என்கிறாள், ராசாமணி அக்காவே முதலில், "ஒரு நாய்க்காகவாடி உசுரக் குடுக்கற" என்று திட்டினாள், பிறகு போட்டோ கதையைக் கேட்டுவிட்டுத் திட்டவில்லை, வண்டியில் நாய்க்கென்று ஒரு சாக்கை விரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். "மேடம்? மேடம்?" இருக்கிறேன். "ரொம்ப... ரொம்ப நல்லதுங்க. எழுதிக்கிட்டேன்." பேப்பரே இல்லாமல் நகத்தால் மாடித் தரையில் கீறினாள்.

டிங் என்று ஒரு சத்தம். பிளேடு நின்றது. கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். சங்கிலி அறுந்து கிடக்கிறது, அந்தச் சங்கிலியின் இன்னொரு முனையை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது, யாரது, அம்மா. அம்மா எப்போது வந்தாள்? நாலாவது வீட்டுச் சரோஜா அக்கா பையை வண்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷம் ஒன்று காலிலிருந்து ஏறி, முட்டியில் வந்து நின்றுவிட்டது, ஏனென்றால் பன்னு நகரவில்லை. பூட்டு போன பிறகும் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடுங்குகிறது. வேணி அக்கா கூப்பிடுகிறாள், வரவில்லை. பிஸ்கட்டைக் காட்டுகிறாள், வரவில்லை. இழுத்தால் கத்தும், கத்தினால் கேட்கும். வா பன்னு, வந்துவிடு, மேலே எனக்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. ராசாமணி அக்கா கைகாட்டி எல்லோரையும் விலகச் சொன்னாள். வேணி அக்கா மட்டும் எதுவும் கூப்பிடாமல், எதுவும் காட்டாமல், நாய்க்கு முதுகைக் காட்டி எழுந்து, வண்டியை நோக்கி நடந்தாள், திரும்பிப் பார்க்காமல். இந்த வீட்டில் கூப்பிட்டாலே அடிதான் என்று பழகிய பிராணி, கூப்பிடாமல் போகிற காலைப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. பிறகு கழுத்தில் ஒரு சாண் சங்கிலி தொங்க, ஒரே ஓட்டம், ஒரே தாவல், வண்டிக்குள் சாக்கின்மேல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சுபிக்‌ஷா பொத்திக்கொள்ள முடியாது, அவள் வாய் இப்போது வேலையில் இருக்கிறது.

"லோகநாதன், அண்ணன் வந்துட்டாரு, குடுக்கறேன்" என்றாள், மூக்கை விட்டாள், இரண்டு தடவை எச்சில் விழுங்கினாள், மூச்சே வாங்காத அந்தக் கீச்சுக் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். "ஏப்பா லோகு." அங்கே டீக்கடையில் ஒரு ஸ்டூல் விழுகிற சத்தம். "அண்ணா! ண்ணா! சொல்லுங்ண்ணா!" "நல்ல சேதிடா. நல்ல சேதிய எப்படி வாங்கோணும்னு தெரியுமில்ல? கெழக்க பாத்து நில்லு." மாவட்டத்தின் பழக்கம் ஊருக்கே தெரியும், கையெழுத்துப் போட்டாலும் கிழக்கு, காரில் ஏறினாலும் கிழக்கு, பதவி கொடுத்தாலும் வாங்கினாலும் கிழக்கு. டீக்கடையில் கிழக்கே பாய்லருக்குப் பின்னால் சுவர், சுவரில் காலண்டர். லோகநாதன் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் காலண்டருக்கு நேராக நின்றான். "நின்னுட்டனுங்ண்ணா." "கண்ண மூடிக்க. குலதெய்வத்த நெனச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக்கூடாது." "மூடிட்டனுங்ண்ணா." வண்டி கிளம்பிவிட்டது. மெதுவாக, மெதுவாக வா ராசாமணி அக்கா, ஹாரன் மட்டும் அடிக்காதே. மேலேயிருந்து அது ஒரு தீப்பெட்டி மாதிரி சந்தில் ஊர்கிறது, முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் எழுந்து நிற்கிற ஒரு பழுப்பு நாய். எதையாவது பேச வேண்டும், மாவட்டம் பேச்சை நிறுத்தினால் அவன் கண்ணைத் திறப்பான், "இந்த இயக்கம் உன்னைய மறக்காதுடா, உன்ற உழைப்ப மறக்காது, நீ பண்ணுனது எல்லாத்தையும் ஒருத்தரு விடாமப் பாத்துட்டுத்தான் இருக்கறாங்க" என்று வாய் போகிறது, வாய் எங்கே போகிறது, பார்த்துப் போ. வண்டி டீக்கடைக்கு வந்துவிட்டது. அவன் முதுகுக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு முழம். சரியாக அங்கே, மாதக்கணக்காகக் குரைத்தே அறியாத அந்த நாய், அவனைப் பார்த்துக் குரைத்தது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை, முன்கால்களைத் தூக்கிக்கொண்டு. அந்தக் குரைப்பு சுபிக்‌ஷாவுக்குப் போனில் ஒரு தடவையும் காற்றில் ஒரு தடவையுமாக இரண்டு காதிலும் கேட்டது, அவ்வளவுதான், முடிந்தது, எல்லாம் முடிந்தது. லோகநாதன் கண்ணை மூடியபடியே ஒரு கையைப் பின்னால் வீசி, "ச்சூ! போ சனியனே, அண்ணன் பேசறாரு!" என்று விரட்டினான்.

வண்டி போனது. சந்து முனையில் திரும்பியது, தாராபுரம் ரோட்டில் ஏறியது, வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு தடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சுபிக்‌ஷாவின் தோளிலிருந்து, கழுத்திலிருந்து, எங்கெங்கே இறுக்கம் ஒளிந்திருந்ததோ அங்கிருந்தெல்லாம் அது கழன்று விழுந்தது, தண்ணீர் டேங்கின் சூடுகூட முதுகுக்கு இதமாக இருந்தது, பிறகு அது வந்தது, கடைவாயிலிருந்து புறப்பட்டு, தடுக்க ஆளில்லாமல், போனுக்குள்ளேயே வந்துவிட்டது, கிக்கீ கிக்கீ என்று, பாதி மாவட்டம் பாதி அவள், கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க நேரமில்லாமல். அண்ணன் சிரித்தால் தொண்டன் சிரிக்க வேண்டும் அல்லவா. லோகநாதனும் சிரித்தான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காலண்டருக்கு நேராக நின்றபடி, "ஹெ ஹெ ஹெ, அண்ணா... ஹெ ஹெ" என்று தோள் குலுங்க, அவள் சிரிக்கச் சிரிக்க அவனும் சிரித்தான். நடுவில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஆறுச்சாமியின் குரல் போனில் சன்னமாகக் கேட்டது. "ஏனுங் லோகு, இப்பப் போன வண்டியில முன்னால உக்காந்திருந்தது உங்கூட்டு அம்மிணியில்ல? பின்னால பன்னுவுந்தான நின்னுட்டுப் போச்சு, சங்கிலி தொங்கத் தொங்க?" "ஹெ ஹெ" என்றான் லோகநாதன். பிறகு "ஹெ" என்றான். பிறகு கண்ணைத் திறந்தான்.